கணக்கில் சேராத வீடு

அக்கா வீட்டு முன்கதவு அந்த நேரத்தில் சாத்தியிருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாடகம் தொடங்கும் நேரம் அது. வழக்கமாக விறாந்தைப் படியில் அயல் பெண்களின் செருப்புகள் குவிந்து கிடக்கும். உள்ளே கதிரை போதாமல் பாய் விரித்திருப்பார்கள். அன்றைக்குப் படி வெறுமையாக இருந்தது. ஆனால் யன்னல் சீலைக்குப் பின்னால் ரீவி வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது.

புத்தூரில் எங்கள் வளவுக்குள் இரண்டு வீடுகள். முன்வீடு அக்காவுடையது, பின்வீடு என்னுடையது, நடுவில் கிணறு. அப்பா எங்கள் இருவருக்கும் காணியைப் பிரித்து எழுதியபோது கிணற்றைப் பொதுவில் விட்டுவிட்டார். அக்காவின் பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். அத்தான் வெங்காயத் தோட்டம் செய்கிறார். நான் கலியாணம் செய்யவில்லை. சாவகச்சேரி நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். ஆட்கள் சத்தியம் செய்து முடித்த வாயோடு பொய் சொல்வதை நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு, வீட்டுக்கு வந்த பிறகும் எதையும் இலேசில் நம்ப முடிவதில்லை.

கதவைத் தட்டினேன். அக்கா பாதிக் கதவைத் திறந்து, உடம்பால் மீதியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, இண்டைக்கு ஒருத்தரும் வரேல்லையோ?"

"அத்தானுக்குத் தலையிடி. அதுதான் எல்லாரையும் வரவேண்டாமெண்டு சொன்னனான்."

"தலையிடிக்காரர் ரீவி பாக்கிறாரோ?"

"சத்தத்தைக் குறைச்சு விட்டிருக்கு," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவள் பொய் சொல்கிறாள் என்று எனக்கு உடனே தெரிந்தது. அக்காவுக்குப் பொய் வராது. வந்தால் கேட்கிறவரின் தோளைப் பார்த்துச் சொல்வாள்.

அந்த நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கொழும்பிலிருந்து ஒளிபரப்பாகும் ஒரு தமிழ்ச் சனலில் வந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் எடுத்தது, எங்கள் பக்கத்து ஆட்கள் நடித்தது. ஒரு கிணற்றின் பங்குக்காக இரண்டு குடும்பங்கள் வழக்காடுவதுதான் கதை. வழக்கு நடக்கும் காட்சிகளில் நான் நிறையப் பிழை பிடித்திருக்கிறேன். ஆனாலும் ஒருநாளும் விடாமல் பார்த்தேன். எங்கள் பேச்சு ரீவியில் வருகிறதென்றால் அது சிரிப்பு மூட்டுவதற்கு என்றே பழகியிருந்தோம். இந்த நாடகத்தில்தான் ஒரு பெண் "ஓம், வாறன்" என்று சொல்லிவிட்டு அழுதாள், ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா அந்த இரவு சாப்பிடவில்லை.

இரசிகர் கூட்டத்துக்குத் தலைமை எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருக்கும் ரீச்சர். கணக்குப் படிப்பிக்கிறவர். தொலைபேசியில் ஒரு குழுவும் வைத்திருந்தார். தோட்டவெளியில் நாடகப் படப்பிடிப்பு நடந்த ஒரு நாள், நாங்கள் எல்லோரும் போய் வரம்பில் நின்று பார்த்தோம். இடைவேளையில் சட்டத்தரணியாக நடிக்கிறவரை ரீச்சர் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நாடகத்தை நிப்பாட்டப் போகினமாம். உண்மையோ?"

அவர் கோட்டைக் கழற்றி விசிறிக்கொண்டே சொன்னார். "சொல்லேலாது ரீச்சர். சனம் பாக்குதெண்டு எங்களுக்குத் தெரியும். கடைக்குப் போனால் கூப்பிட்டுக் கதைக்கினம். ஆனா விளம்பரம் குடுக்கிறவை ரேற்றிங்கைத்தான் பாப்பினம். அது குறைவு."

"எங்கடை ஊரிலை வீட்டுக்கு வீடு ஓடுதே. பேந்து என்னெண்டு குறையும்?"

"எல்லா வீட்டையும் எண்ணுறேல்லை. சில வீடுகளைத் தெரிஞ்செடுத்து, ரீவியோடை ஒரு பெட்டி பூட்டுவினம். அந்த வீட்டிலை ஆர் இருந்து எந்தச் சனல் பாக்கினமெண்டு அது பதியும். அந்தச் சில வீடுகள் பாத்தால் நாடே பாத்த மாதிரி. அவை பாக்காட்டி ஒருத்தரும் பாக்கேல்லை."

"எந்தெந்த வீடுகள்?"

"அது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சால் நாங்களே போய் அவையின்ரை காலிலை விழுந்திடமாட்டமோ?" அவர் சிரித்தார். ரீச்சர் சிரிக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் ரீச்சர் சொன்னார், "இந்தப் பக்கத்திலை ஒரு பெட்டியும் இராது. எல்லாம் கொழும்பிலைதான் வைச்சிருப்பாங்கள். எங்களை ஆர் எண்ணுறது?" அப்படிச் சொன்னவரே அன்று பின்னேரம் குழுவில் ஓர் அறிவித்தல் போட்டார். நாடக நேரத்தில் எல்லோரும் அந்தச் சனலைப் போடவேண்டும். சமையல் வேலை இருந்தாலும் ரீவி ஓடவேண்டும். பெட்டி இல்லாத வீட்டில் போட்டு என்ன பிரயோசனம் என்று நான் கேட்டேன். "ஆற்றை வீட்டிலை இருக்கெண்டு தெரியாதபடியால்தான் எல்லாரும் போடவேணும்," என்றார். அதற்குப் பிறகு சில கிழமைகள் எங்கள் ஒழுங்கை முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டுக் கேட்டது. ஆளில்லாத வீட்டிலும் கேட்டது.

அப்படியிருந்த நேரத்தில்தான் அக்கா கதவைச் சாத்தினாள்.

மறுநாளும் சாத்தியிருந்தது. அதற்கடுத்த நாளும். தலையிடி போய் அத்தானுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல்காரர் விடிய எழும்பித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனதை நான் பார்த்தேன். பிறகு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறோம், சாமான்களெல்லாம் இழுத்துப் போட்டுக் கிடக்கிறது என்றாள். வெள்ளையடிக்க ஒருவரும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலை அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள், அத்தான் தோட்டத்தில். பூட்டிய வீட்டுக்குள் ரீவி கதைத்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தி கத்தரிக்காய்க் கறி சமைப்பதைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள்.

பஸ் நிலையத்தில் ரீச்சர் என்னை மறித்தார்.

"உங்கடை அக்கா எங்களோடை கோவமோ?"

"எனக்குத் தெரிய இல்லை ரீச்சர்."

"இல்லாட்டி அதே நேரம் மற்றச் சனலிலை போற இந்திய நாடகத்துக்கு மாறியிட்டாவோ? அதைப் பாக்கிறதை நாங்கள் கண்டிடுவமெண்டுதான் கதவைச் சாத்துறாவோ?" அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்டு சொல்லட்டோ? போன மாதம் இரண்டு பேர் வான் ஒண்டிலை வந்து இறங்கினவை. கையிலை பையும் இருந்தது. அக்கா வீட்டுக்குள்ளை போய்க் கனநேரம் நிண்டிட்டுத்தான் போனவை. ஆரெண்டு கேட்டதுக்கு அக்கா சொல்லேல்லை."

அந்த இரண்டு பேர்தான் என் நித்திரையைக் கெடுத்தார்கள். பையோடு வந்து கனநேரம் வீட்டுக்குள் நிற்கிறவர்கள் யார்? என் வேலையில் எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: காணித் தரகர்கள். பிள்ளைகள் கனடாவுக்கு வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். முன்வீட்டை விற்றுவிட்டுப் போகப்போகிறாள், வாங்குகிறவன் கிணற்றில் பங்கு கேட்பான், நான் ஒரு நாள் சாட்சிக்கூட்டில் ஏறி நிற்பேன் என்று நினைத்தேன். நீதிமன்றத்தில் கூடப் பிறந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இரண்டு வாங்குகளில் தள்ளி உட்கார்ந்திருப்பதை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களும் ஒரு காலத்தில் ஒரே பாயில் படுத்தவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். அத்தான் மண்வெட்டியால் வாய்க்காலைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அத்தான், வீட்டை விக்கப் போறியளோ?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உண்மையாகவே திடுக்கிட்டவரின் முகம். "ஆர் சொன்னது?"

"அப்ப வானிலை வந்தவை ஆர்?"

இப்போது முகம் மாறிவிட்டது. குனிந்து, ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீரைத் திரும்பவும் திருப்பினார். "அதை அக்காவிட்டைக் கேள் பிள்ளை. எனக்கு ஒண்டும் தெரியாது."

"உங்களுக்கு அண்டைக்குக் காய்ச்சலோ?"

"எண்டைக்கு?" என்றார். பிறகு யோசித்துவிட்டு, "ஓம், ஓம், இருந்தது," என்றார்.

அன்று பின்னேரம் நாடகம் தொடங்கியதும் நான் முன்கதவுக்குப் போகவில்லை. கிணற்றடியால் சுற்றி, குசினிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அத்தான் சாய்மனைக் கதிரையில் வாய் திறந்து நித்திரை. அக்கா ரீவிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு றிமோட்டுகள். ஒன்று எனக்குத் தெரிந்தது. மற்றதில் இலக்கங்கள் மட்டும் பெரிதாக இருந்தன. ரீவிக்குப் பக்கத்துச் சுவரில், அவள் கையால் பின்னிய மேசைத்துணியால் எதையோ மூடியிருந்தாள். துணியின் ஓட்டைகளுக்குள்ளால் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது.

அக்கா என்னைக் கண்டு எழும்பவில்லை. ஏசவுமில்லை. ஒரு பெருமூச்சு விட்டாள்.

"வந்திட்டாய். இப்ப உன்னையும் அமத்த வேணும். உனக்கு வயசு என்ன?"

"என்ரை வயசு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும். பதட்டத்திலை மறந்துபோனன். சொல்லு கெதியா."

சொன்னேன். றிமோட்டில் எதையோ அமத்தினாள். பிறகு நித்திரையில் இருந்த அத்தானின் இலக்கம் எரிகிறதா என்று எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. சட்டத்தரணி நடிகர் சொன்ன பெட்டி எங்கள் வளவுக்குள்தான் இருந்தது.

விளம்பர இடைவேளையில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் ஒரு பெண் வந்து வீட்டில் எத்தனை பேர், என்ன ரீவி என்றெல்லாம் கேட்டுப் போயிருக்கிறாள். பிறகு அந்த இரண்டு பேர் வந்து பெட்டியைப் பூட்டியிருக்கிறார்கள். அக்காவுக்கு ஓர் இலக்கம், அத்தானுக்கு ஓர் இலக்கம். ரீவி பார்க்க உட்கார்ந்தால் அமத்தவேண்டும், எழும்பிப் போனால் திரும்ப அமத்தவேண்டும். வெளியாட்கள் வந்தால் ஆணா பெண்ணா, என்ன வயது என்று அதையும் பதியவேண்டும். ஒருவருக்கும் சொல்லக்கூடாது.

"அதுக்காக ஏன் கதவைச் சாத்தினனீங்கள்?"

"பேந்து? அவ்வளவு பேரையும் முன்னாலை வைச்சுக்கொண்டு இதை அமத்தினால் ரீச்சர் விடுவாவோ? இல்லாட்டி ஒவ்வொருத்தியிட்டையும் போய் வயசு கேக்கட்டோ?" அவள் தணிந்த குரலில் சொன்னாள். "வழக்கமாப் பாக்கிற மாதிரிப் பாருங்கோ எண்டுதான் அவை சொன்னவை. என்ரை வழக்கம் எல்லாரோடையும் இருந்து பாக்கிறது. அதை மட்டும் செய்யேலாமல் கிடக்கு."

"அண்டைக்குச் சனிக்கிழமை கோயிலுக்குப் போகேக்கையும் ரீவி ஓடினது. அதுவும் வழக்கமோ?"

அக்கா என் தோளைப் பார்த்தாள். "அந்தச் சனலுக்கு ஒரு பலமா இருக்கட்டுமெண்டு விட்டனான்."

"ஆரின்ரை இலக்கம் எரிஞ்சது?"

"அத்தான்ரை."

"அத்தான் தோட்டத்திலை நிண்டவர் அக்கா. இது பொய்ச்சாட்சி."

"என்ன பொய்? அவர் வீட்டிலை நிண்டிருந்தால் பாத்திருப்பார்தானே?"

அத்தான் நித்திரையில் திரும்பிப் படுத்தார். கத்தரிக்காய்க் கறி சமைக்கும் நிகழ்ச்சியை அவர் பார்த்திருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனால் எதிர்த்துக் கதைக்க மனம் வரவில்லை. அக்காவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நாடகம் திரும்பத் தொடங்கியது. அந்த அழுத பெண் தன் தமையனிடம் கெஞ்சுகிற கட்டம். முந்தியென்றால் அக்கா சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்திருப்பாள். இப்போது அவள் துணிக்குள் எரிந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன நடந்ததெண்டு கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது," என்றாள் முடிவில். "நான் அணைஞ்சுபோச்சோ எரியுதோ எண்டுதான் பாக்கிறன். நாடகத்தைப் பாத்துக் கனநாள்."

வீடு விற்கப்படவில்லை என்ற நிம்மதியோடு படுத்தேன். நித்திரை வரவில்லை. எந்த வீடுகளென்று தெரியாத எத்தனையோ வீடுகளுக்கும் சேர்த்து எங்கள் அக்கா ஒருத்தி அங்கே இருந்து பதில் சொல்கிறாள். அவளே இப்படிச் செய்தால் மற்றப் பெட்டிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? அந்த இந்திய நாடகத்துக்கும் யாரோ ஒருத்தி நித்திரையில் இருக்கும் புருஷனை அமத்துகிறாளா? ரேற்றிங் என்று எல்லோரும் பயப்படும் அந்த எண் இப்படியான அக்காமாரின் எண்தானா?

இரகசியம் இப்போது எனக்கும் பாரமானது. ரீச்சரைக் கண்டால் மற்றப் பக்கத்தால் போனேன். அதை அவர் கவனித்துவிட்டார். "இப்ப நீங்களும் மாறியிட்டியள்," என்று ஒரு நாள் பஸ்ஸுக்குள் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெட்டிக்காரர் திரும்ப வந்தது ஒரு சனிக்கிழமை. நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அவசரமாகக் கூப்பிட்டாள், ஈரக்கையோடு ஓடினேன். பையோடு ஒருவர் ரீவிக்குப் பின்னால் குந்தியிருந்தார். கூட வந்திருந்த பெண் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, விடியத் தொடங்கி இரவு வரைக்கும் ஒரே சனல் ஓடியிருக்கு. ஐயா முழுநாளும் பாத்ததாக் கிடக்கு. ஐயா வேலைக்குப் போறேல்லையோ?"

அத்தானின் மண்வெட்டி வாசலில் சாத்தியிருந்தது. அதில் மண் இன்னும் காயவில்லை. அக்கா அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். ஒரு பொய்யைத் தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

"அவர் தோட்டத்திலை நிண்டவர். நான்தான் அமத்தினனான். நாடகத்தை நிப்பாட்டப் போகினம் எண்டு சொன்னவை. அதாலை."

அந்தப் பெண் கோபப்படவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் அக்காவுக்குச் சுகமாக இருந்திருக்கும். "இப்பிடி வித்தியாசமா வந்தால் அந்த வீட்டைக் கணக்கிலை எடுக்கிறேல்லை அம்மா. கொஞ்ச நாளாவே எடுக்கேல்லை. இனிப் பெட்டியைக் கழட்டத்தான் வேணும்."

"கொஞ்ச நாளாவோ?"

"ஓம் அம்மா."

அக்கா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரின்ரையை விடுங்கோ, அது பொய். நான் இருந்து பாத்தது உண்மை. இஞ்சை இவள் சாட்சி. நான் உண்மையாப் பாத்ததும் போச்சோ?"

"முழு வீடும்தான் அம்மா."

பையோடு வந்தவர் மேசைத்துணியை நான்காக மடித்து ரீவிக்கு மேலே வைத்துவிட்டுப் பெட்டியைக் கழற்றினார். சுவரில் இரண்டு ஆணி ஓட்டைகள் மட்டும் மிஞ்சின. படலைவரை போய் வழியனுப்பிவிட்டு வந்த அக்கா, "ஒரு தேத்தண்ணியும் குடுக்கேல்லை," என்றாள்.

அன்று பின்னேரம் கதவைத் திறந்தாள். ஒழுங்கையில் நின்று ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டாள். பெண்கள் வந்தார்கள். ரீச்சர் கடைசியாக வந்து, உட்காராமல், வாசலில் நின்றபடி வீடு முழுவதும் கண்ணை ஓட்டினார். அக்கா எல்லோருக்கும் முன்னால், ஒன்றையும் மறைக்காமல், நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப இஞ்சை பெட்டி இருந்தது," என்றார் ரீச்சர் மெதுவாக. "நாங்கள் இவ்வளவு பேரும் இதுக்குள்ளை வந்து இருந்திருந்தால், அவ்வளவு பேரும் உண்மையாவே பதிஞ்சிருக்கும். ஒரு பொய்யும் தேவைப்பட்டிராது. எங்களை வெளியிலை விட்டிட்டு, நித்திரைகொண்ட மனுசனை அமத்தியிருக்கிறியள்."

"சொல்லக்கூடாதெண்டு சொன்னவை ரீச்சர்."

"எங்களிலை நம்பிக்கை இல்லையெண்டு சொல்லுங்கோ."

ரீச்சர் போய்விட்டார். மற்றவர்கள் இருந்து பார்த்தார்கள். ஆனால் ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை.

நாடகம் அதற்குப் பிறகு கனநாள் ஓடவில்லை. தலைமுறையாக இழுபட்ட கிணற்று வழக்கு ஒரே நாளில் சமாதானமாக முடிந்தது. எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். எந்த வழக்கும் அப்படி முடிவதில்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த கிழமை அந்த நேரத்தில் மொழிமாற்றிய ஒரு இந்திய நாடகம் வந்தது. ரேற்றிங்கால்தான் நிறுத்தினார்கள் என்று சிலர் சொன்னார்கள். எடுத்தவர்களுக்கும் சனல்காரர்களுக்கும் கொழுவல் என்று வேறு சிலர். எங்கள் வீட்டால்தான் நின்றது என்று அக்கா கொஞ்சநாள் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டை யாராவது எப்போதாவது எண்ணினார்களா என்பதிலேயே எனக்கு இன்றுவரை சந்தேகம்.

ரீச்சரும் அக்காவும் திரும்பக் கதைக்கத் தொடங்கியது இந்த வருடம்தான். சாவகச்சேரியில் ஒரு புடவைக்கடை திறப்புவிழாவுக்கு, அந்த நாடகத்தில் அழுத பெண்ணாக நடித்தவர் வருகிறார் என்று கேள்விப்பட்டு, ரீச்சர் அக்காவின் படலையில் வந்து நின்று, "போவமோ?" என்று மட்டும் கேட்டார். அக்கா உடனே உடுத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். நான் வேலை முடிந்து அங்கே போய்ச் சேர்ந்துகொண்டேன்.

சனம் நெருக்கியது. நடிகை பட்டுச்சேலையில், நாடகத்தில் இருந்ததைவிட மெலிவாக இருந்தார். எங்கள் முறை வந்ததும் அக்கா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளை, நாங்கள் உங்கடை நாடகத்தை ஒருநாளும் விடாமல் பாத்தனாங்கள்."

நடிகை சிரித்தார். களைத்துப்போன சிரிப்பு. "எல்லாரும் அப்பிடித்தான் அம்மா சொல்லுகினம். அவ்வளவு பேரும் பாத்திருந்தால் அது நிண்டிராதே."

கையை விடுவித்துக்கொண்டு அடுத்தவரைப் பார்த்தார். அக்காவின் முகத்தில், பெட்டியைக் கழற்றிக்கொண்டு போன அன்றைக்கு வந்த அதே வெளிறல். அப்போது ரீச்சர் முன்னால் வந்தார்.

"பிள்ளை, தமையன் கிணத்துக் கயித்தை அறுத்துப்போட்டுப் போன பிறகு, நீங்கள் வெறும் வாளியோடை படியிலை இருந்து ஒண்டு சொன்னனீங்கள். நினைவிருக்கோ?"

நடிகை யோசித்தார். "கயிறோ? அப்பிடி ஒரு காட்சி எடுத்தனாங்களோ?"

"எடுத்தனீங்கள்," என்றாள் அக்கா. "இடது கையிலை ஒரு சீலைத்துண்டு கட்டியிருந்தனீங்கள்." பிறகு அவளும் ரீச்சரும் மாறி மாறி அந்தக் காட்சியைச் சொல்லத் தொடங்கினார்கள். தமையன் சொன்னதை ரீச்சர் சொன்னார், தங்கச்சி சொன்னதை அக்கா சொன்னாள். பின்னால் படம் எடுக்க நின்றவர்கள் முறுமுறுத்தார்கள். கடைக்காரர் வந்து ஒதுங்கச் சொன்னார். நடிகை அவரைக் கையால் மறித்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. தான் மறந்துபோன தன்னுடைய அழுகையை இரண்டு பெண்கள் பின்னேர வெய்யிலில் நின்று சொல்வதை, ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.